டெய்லர் பாடு

நான் எழுதத் தெரிந்தவள் இல்லை. பத்தாவது வரை படித்தேன். அதன்பிறகு முப்பது வருடமாக நான் எழுதியதெல்லாம் காலர், மார்பு, தோள், கை நீளம் என்று நாலைந்து எண்கள்தான். எங்கள் தெருப் பெண்கள் வாசகர் வட்டத்து மலருக்கு ஒரு பயணக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, ஊட்டி, காசி என்று போய் வந்தவர்கள் இருக்க என்னை ஏன் கேட்கிறீர்கள் என்றேன். "பொங்கலுக்கு எங்கேயோ தனியா போனீங்களாமே, அதை எழுதுங்க" என்றார்கள். போனது உண்மைதான். அரக்கோணத்திலிருந்து பழவேற்காடு, நூற்றிருபது கிலோமீட்டர் இருக்கும். அதையும் ஒரு பயணம் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. நாலு பேரை நிமிர்ந்து பார்த்துப் பேசத் தெரியாத ஒருத்தி எழுதுகிறாள் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

புறப்பட்டது காணும் பொங்கல் அன்று காலை 5.40 மின்சார ரயிலில். பேசின் பிரிட்ஜ் வரை இருபது ரூபாய். கையில் ஒரு துணிப்பை. அதில் மாற்றுப் புடவை ஒன்று, தண்ணீர் பாட்டில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு புதுச் சட்டை.

அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

என் வீட்டுக்காரர் தணிகாசலம் கட்டிங் மாஸ்டர். அவர் வெட்டுவார், நான் தைப்பேன். ஒரே அறையில் ஒரு மேசை, இரண்டு தையல் இயந்திரம், அதுதான் எங்கள் கடை. சுனாமி வந்தபோது எங்கள் கடைத்தெருவில் துணி சேர்த்து ஒரு லாரி அனுப்பினார்கள். அந்த லாரியோடு பழவேற்காடு போனார். போனவர் திரும்பி வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஜனங்கள் கொடுத்ததெல்லாம் கிழிசல். ஒரு மீனவர் அந்தக் குவியலிலிருந்து ஒரு சட்டையை எடுத்து, காலர் இல்லாததைப் பார்த்து, மடித்துத் திரும்ப அங்கேயே வைத்தாராம். "மடிச்சு வச்சான், கோமதி. தூக்கிப் போட்டிருந்தாகூட எனக்கு இப்படி இருந்திருக்காது" என்றார். அந்த மீனவரிடம் அளவு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பத்து நாளில் வந்த பொங்கலுக்கு ஒரு சட்டை வெட்டினார், நான் தைத்தேன், கொண்டுபோய்க் கொடுத்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு சட்டை. ஆடித் தள்ளுபடியில் துணி வாங்கி வைப்பார். மார்கழியில் தைப்பேன். காணும் பொங்கலுக்கு அவர் மட்டும் போய், மறுநாள் ஒரு பை மீனோடு வருவார். "ஏழுமலை கொடுத்தான்" என்பார். வருடா வருடம் என்னையும் கூப்பிடுவார். "வர்றியா?" வேலை இருக்கிறது என்பேன். பண்டிகைக்கு மறுநாள் தையல்கடையில் என்ன வேலை இருந்துவிடும்? தெரியாத வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேச வேண்டுமே என்ற கூச்சம், அவ்வளவுதான்.

இப்படி இருபத்தோரு சட்டை. ஏழுமலை என்ற அந்த மனிதரை நான் பார்த்ததே கிடையாது.

புரட்டாசி கடைசியில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். சிறுநீரகம் இரண்டும் பழுது. நாற்பது நாள் ஆஸ்பத்திரி. தீபாவளி அன்று காலை அவருடைய கைபேசி அடித்தது. ஏழுமலை என்று எழுத்து வந்தது. நான் எடுக்கவில்லை. பொங்கல் அன்று மறுபடி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அடுப்பு மூட்டாத வீட்டில் அந்தச் சத்தம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை இல்லை. எதிர்வீட்டு அம்மா சுவருக்கு மேலாக ஒரு கிண்ணம் பொங்கலை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. நானும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஆடியில் அவர் வாங்கி வைத்த துணி அலமாரியில் இருந்தது. வெளிர் நீலம், வெள்ளைக் கோடு. அவர் போனபின் நான் கடையைத் திறக்கவில்லை. ஆனாலும் இந்த ஒரு துணியை வீட்டில் வைத்து வெட்டி, பழைய அளவுக்கே தைத்தேன். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரில் மட்டும் வந்துவிடுமா என்று யோசிக்கவில்லை. திருப்பூரில் இருக்கும் மகளிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

7.25. பேசின் பிரிட்ஜ். கும்மிடிப்பூண்டி வண்டிக்கு அரை மணி நேரம். பத்து ரூபாய் டிக்கெட். அன்றைக்கு வண்டியில் ஆபீஸ் கூட்டம் இல்லை, குடும்பங்கள்தான். கூடை, தூக்குவாளி, கரும்புத் துண்டு. எதிரே ஒரு பெண் மடியில் புளிச்சோற்று வாசனை வந்தது. "எங்கக்கா, பீச்சுக்கா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அத்திப்பட்டு, மீஞ்சூர் தாண்டியதும் வயல் வந்தது. அறுத்த தாள் மஞ்சளாக நின்றது. 8.50க்குப் பொன்னேரி.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு பதினெட்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சீட்டு மட்டும் கிழித்துத் தருகிறார்கள். மேதூர், திருப்பாலைவனம், ஆண்டார்மடம். ஆண்டார்மடம் தாண்டியபின் காற்றில் உப்பும் கருவாடும் சேர்ந்து வந்தது. அந்த வாசனை எனக்குப் பழக்கம். இருபத்தோரு வருடமாக அவருடைய சட்டையில் துவைத்த வாசனை அது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

10.05. பழவேற்காடு பஸ் நிறுத்தம். ஒரு பக்கம் மீன் கடைகள், ஒரு பக்கம் பள்ளிவாசல் தெரு. சில வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் இறக்காமல் தொங்கியது. படகுச் சவாரிக்குத் தடை என்று போலீஸ் பலகை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே பத்துப் பேர் படகு கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடுத்தர வயதில் ஒரு ஆட்டோக்காரர், தொப்பி போட்டவர், என் பக்கத்தில் வந்து நிறுத்தினார்.

"எங்கம்மா போவணும்?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம். ஏழுமலைன்னு ஒருத்தர் வீட்டுக்கு."

"எந்தக் குப்பம்?"

தெரியாது என்றேன்.

"இன்னாம்மா, பயவேற்காட்டுல வந்து ஏயுமலைன்னா? திருப்பதில மொட்டையத் தேடுற கதையா கீது. ஆளு எப்டி இருப்பாரு? ஒசரமா, குட்டையா?"

"நான் பார்த்ததில்லைங்க."

அவர் இன்ஜினை அணைத்துவிட்டு முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தெரிந்ததைச் சொன்னேன்.

"காலர் பதினாறு. மார்பு நாற்பத்திரண்டு. கை இருபத்து நாலரை."

"இன்னாது?"

"வலது தோள் இடதைவிட அரை இஞ்ச் இறங்கியிருக்கும்."

"அட, சாஞ்ச தோளு ஏயுமலையா!" என்று ஹேண்டில்பாரில் தட்டினார். "அத்த மொதல்ல சொல்றதுக்கின்னா? போலீஸ்காரன்கூட இப்டி அடையாளம் சொன்னது இல்லமா. ஏறு, ஏறு. எண்பது ரூபா."

பாலத்தில் போகும்போது இரண்டு பக்கமும் ஏரி. தண்ணீர் ஆழமே இல்லாத மாதிரி பரந்து கிடந்தது. தூரத்தில் பூநாரைகள் ஒரு வெள்ளைக் கோடாக நின்றன. கண்ணாடியில் பார்த்தபடியே ஆட்டோக்காரர் கேட்டார்:

"ஏயுமலை வூட்டுக்கு வருசா வருசம் ஒரு டெய்லரு வருவாரு. என் வண்டிலதான் போவாரு. பாலத்துல வந்தா கண்ண மூடிக்குவாரு, தண்ணின்னா அவ்ளோ பயம். நீ அவுங்க வூடா?"

ஆமாம் என்றேன்.

"இந்த வருசம் அவரு வரலியா?"

"வரலை" என்றேன்.

சொல்ல வேண்டிய முதல் இடத்திலேயே இப்படிப் பொய் மாதிரி ஒரு உண்மையைச் சொல்லிவிட்டேன். அவ்வளவு எளிதாகப் பேசிய ஆட்டோக்காரரிடமே சொல்ல முடியவில்லை. பொங்கல் கொண்டாடிக்கொண்டிருக்கும் வீட்டு வாசலில் போய் நின்று எப்படிச் சொல்லப் போகிறேன்? வண்டியைத் திருப்பச் சொல்லலாமா என்று நினைத்தேன். அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. கூச்சம் சில சமயம் நல்லதும் செய்கிறது.

குப்பத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. "பேரப் போட்டா படகு கேட்டு வந்துடுவாங்க தங்கச்சி" என்று ஏழுமலை அண்ணன் கேட்டுக்கொண்டார்.

10.40. ஓட்டு வீடு ஒன்றின் முன்னால் ஆட்டோ நின்றது. வாசலில் பெரிய கோலம், நடுவில் கலர்ப் பொடியில் ஒரு பானை. வேப்பமரத்தடியில் ஒருவர் தரையில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்ததும் நான் பார்த்தது முகத்தை அல்ல. வலது தோளை. அரை இஞ்ச். சரியாகத்தான் இறக்கியிருக்கிறேன் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. அந்த நேரத்தில் அப்படி ஒரு நினைப்பு.

ஆட்டோக்காரர் சத்தம் போட்டார்: "யோவ் ஏயுமலை, டெய்லர் வூட்லேர்ந்து வந்துக்கீறாங்க!"

"தேசம்மா! ஏ தேசம்மா! அரக்கோணத்துத் தங்கச்சி வந்துகீது!" என்று அவர் உள்ளே பார்த்துக் கூவினார். ஈரக் கையோடு ஓடி வந்த அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வாய் நிறைய வெற்றிலை.

"இருவத்தியோரு வருசம் ஆச்சுக்கா உனக்கு வயி தெரிய! வா, வா, உள்ள வா. எங்க, மச்சான் பின்னால வராரா?"

நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஏழுமலை அண்ணன் என்னைப் பேச விடவில்லை. சந்தோஷத்தில் அவர் பாட்டுக்குப் பேசினார்.

"கரெக்டா வந்துக்கீற. நாளைக்கித்தான் டெய்லர் பாடு. டெய்லர் பாடு இன்னான்னு தெரியுமா உனக்கு?"

மற்றது எதுவும் காதில் ஏறவில்லை. எனக்குக் கேட்டது வேறு. டெய்லர் பாடு. அவர் பட்ட பாடு. இவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, தெரிந்துதான் கேட்கிறார் என்று நினைத்தேன். அடைத்து வைத்தது ஒரேயடியாக உடைந்தது.

"எனக்குத் தெரியாம வேற யாருக்குண்ணே தெரியும்? நாப்பது நாளு. ஊசி குத்தக் கையில இடம் இல்ல. தண்ணி, தண்ணின்னு கேட்டாரு, தரக்கூடாதுன்னுட்டாங்க. உதட்டைத்தான் நனைச்சேன். கடைசி ரெண்டு நாளு என்னையே தெரியலண்ணே. அந்தப் பாடு பகையாளிக்கும் வேணாம்."

சொல்லி முடித்தபின்தான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது, இவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இப்போதுதான், இந்த நிமிடம்தான், நான் சொல்லியிருக்கிறேன்.

ஆட்டோக்காரர் தொப்பியைக் கழற்றினார். தேசம்மா இரண்டு கையையும் தலையில் வைத்தார். பிறகு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அவர் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். என்னைத் தெரியாதவர்களும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர் போன அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். இங்கே யாரும் மெதுவாகப் பேசவில்லை. அந்தக் கோலத்தின் மேலேயே உட்கார்ந்து அழுதோம்.

ஏழுமலை அண்ணன் அங்கே இல்லை. ஏரிக்கரையில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பி வந்தபோது கோபமாக வந்தார்.

"தீவாளிக்கு போன் பண்ணேன். பொங்கலுக்கு ரெண்டு தபா பண்ணேன். மச்சானுக்கு நம்ம மேல இன்னா கோவமோன்னு இவகிட்ட பொலம்பிக்கினு இருந்தேன். ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நான் வந்து தூக்கியிருக்க மாட்டனா? இந்தத் தோளு எதுக்குக் கீது?"

"வாய் வரலண்ணே."

"வாய் வரலியாம்" என்று அவர் மனைவியிடம் சொன்னார். ஆனால் குரல் இறங்கிவிட்டது.

"பண்டிகை நாளும் அதுவுமா வந்து உங்க வீட்டை இப்படி ஆக்கிட்டேன்" என்றேன். கலைந்த கோலத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

தேசம்மா மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "காணும் பொங்கல்னா இன்னாக்கா? ஆளக் காணுற பொங்கலு. உன்னக் கண்டோம். கோலம் நாளைக்கிப் போட்டுக்குறேன், போ."

ஆட்டோக்காரர் எண்பது ரூபாயை வாங்கிக்கொள்ளவில்லை. "அவருக்காக ஒரு துவா பண்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே கொஞ்ச தூரம் போய் அப்புறம்தான் ஸ்டார்ட் செய்தார்.

மதியம் ஒன்றரைக்குச் சாப்பாடு. நண்டுக் குழம்பு, வறுத்த மடவை மீன். வேண்டாம் என்றேன். தேசம்மா கேட்கவில்லை. நண்டை அவரே உடைத்து என் தட்டில் வைத்தார். அழுது முடித்த பசி இருந்தது, வெட்கமாகத்தான் இருந்தது, இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனபோது ஒன்றைக் கண்டேன். ஜன்னலில் திரையாகத் தொங்கியது ஊதா நிறக் கட்டம் போட்ட ஒரு துணி. மகள் பன்னிரண்டாவது பரீட்சை எழுதிய வருடம் நான் தைத்த சட்டை அது. கரண்ட் இல்லாமல் மெழுகுவர்த்தியில் காஜா எடுத்தேன், அதனால் மூன்றாவது ஓட்டை கொஞ்சம் கோணலாக இருக்கும். இருந்தது. கொடியில் பிடிதுணியாக ஒரு பழுப்பு. அது அவருக்கு மஞ்சள் காமாலை வந்த வருடத்துச் சட்டை. வெளியே கவிழ்த்து வைத்திருந்த படகு இன்ஜினைச் சுற்றி ஒரு பச்சை. அந்தத் துணியைப் பார்த்ததும் சண்டை போட்டேன், இந்தப் பச்சையை யார் போடுவார்கள் என்று. "ஏரிக்காரன் போடுவான்" என்றார் அவர். கடையில் அவர் வெட்டிக்கொண்டே விசில் அடிப்பார். எந்தப் பாட்டென்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒவ்வொரு துணியிலும் அந்த வருடத்து விசில் இருந்தது.

எங்கள் வீட்டில் அவருடைய சட்டைகளை ஒரு டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். தொட மனம் வரவில்லை. இங்கே எல்லாம் கிழியக் கிழியப் பயன்பட்டுக்கொண்டிருந்தது.

மூன்று மணி. புதுச் சட்டையை எடுத்தேன். கொடுக்கக் கை வரவில்லை. "ஒரு வருஷம் ஆகலை. இந்த வீட்டுத் துணியைக் கொடுக்கலாமா, கூடாதான்னு தெரியலை" என்றேன். அண்ணன் அதை வாங்கி, போட்டிருந்ததைக் கழற்றிவிட்டு அங்கேயே போட்டுக்கொண்டார்.

தொளதொளவென்று தொங்கியது.

"சக்கர வந்துருச்சு தங்கச்சி. ஆறு மாசமா எளச்சிக்கினே போறேன். பரவால்ல, காத்தோட்டமா கீது."

எனக்குப் பொறுக்கவில்லை. ஆள் மாறியிருக்கிறார், நான் பழைய அளவுக்கே தைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அளவு நாடா இருக்கிறதா என்று கேட்டேன். அது எதற்கு இந்த வீட்டில்? ஒரு கயிற்றால் தேசம்மா அவர் மார்பைச் சுற்றிப் பிடித்தார். நான் அந்தக் கயிற்றை வாங்கி என் சாணால் அளந்தேன். எப்போதும் அளவு எடுப்பவர் என் வீட்டுக்காரர்தான். ஆண்பிள்ளைகளுக்கு நான் எடுத்ததில்லை.

"ஏய், கூசுது" என்றார் அண்ணன்.

"நில்லுய்யா. மாட்டப் புடிச்ச மாதிரி கீது" என்றார் தேசம்மா.

மார்பு முப்பத்தெட்டரை. ஊசியும் நூலும் மட்டும் அகப்பட்டது. வலை தைக்கும் நைலான் நூல் வேண்டுமா என்று கேட்டார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இரண்டு பக்கத் தையலையும் பிரித்துக் கையாலேயே பிடித்துத் தைத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி தன் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, "அக்கா, இந்த டெய்லரு கையில புடிச்சிட்டாக்கா, தூக்க முடில" என்றாள். அவளுக்கும் பிரித்துக் கொடுத்தேன். இன்னொருத்தி வந்தாள். "எழவுக்கு வந்த பொம்பளைக்கு நல்லா வேல வச்சீங்கடி" என்று தேசம்மா அதட்டினார். நான் தலையை நிமிர்த்தாமல் சிரித்தேன். சிரித்தபின்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

அப்போதுதான் நான் கேட்டேன், பாடு என்றால் என்ன என்று.

ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான் இருக்கிறதாம். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் முறை வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு இந்தக் கூட்டம், நாளைக்கு அந்தக் கூட்டம் என்று சுற்றி வரும். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. வலியவன் எளியவன் என்றில்லை. பாடு வருகிற நாளில் அந்த இடம் அவனுடையது.

"பொங்கல ஒட்டி எங்களுக்கு வர பாட்டுல ஒரு பங்க தனியா எடுத்து வச்சிருவோம். அத்தத்தான் டெய்லர் பாடுன்னுவோம். குப்பத்துல எல்லாருக்கும் தெரியும். அந்த மீனத்தான் மச்சான் எடுத்தாருவாரு."

"அவருக்கு அவ்வளவு செஞ்சிருக்கீங்க" என்றேன்.

அண்ணன் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"அவுருக்கா? டெய்லருன்னா அவுருன்னா நெனச்ச? மொத வருசமே சொல்லிட்டாரே, 'நான் வெறும் கட்டிங் மாஸ்டரு. தச்சது என் பொண்டாட்டி. டெய்லரு அவதான்'னு. பாடு உன்னுது, தங்கச்சி. பொங்கல் சீர் மாதிரி. மச்சான் உனக்குப் பதிலா வருவாரு. பாட்டுக்காரங்க வந்து வலையோட மொத கவுத்தத் தொடணும், அது எங்க முறை. தண்ணியப் பாத்தா நடுங்குற மனுசன், படகுல ஏறி கண்ண இறுக்க மூடிக்கினு ஒக்காந்துகினு, 'கோமதிக்கு'ன்னு சொல்லிட்டுக் கவுத்தத் தொடுவாரு. அவுங்களக் கூட்டியாயான்னா, 'அவ கூச்சக்காரி. ஒருநாள் வருவா'ன்னுவாரு."

என்னால் ஊசியைப் பார்க்க முடியவில்லை. வருடா வருடம் "வர்றியா?" என்று கேட்டாரே. வேலை இருக்கிறது என்றேனே. கோவில் குளத்தில் கால் நனைக்கப் பயப்படுகிற மனிதர், எனக்குப் பதிலாக இருபத்தோரு தரம் தண்ணீர் மேல் போயிருக்கிறார்.

"நாளைக்கிக் காலைல வலையெடுக்கிறோம். வா" என்றார் அண்ணன்.

நான் பயந்தேன். தண்ணீருக்கு இல்லை. "நான் இப்ப இருக்கிற நிலைமையில நல்ல காரியத்துல முதல்ல கை வைக்கக் கூடாது. மீன் படாமப் போச்சுன்னா என்னாலன்னு ஆயிடும். வேணாம்ண்ணே. உங்க கூட்டத்துல மத்தவங்களும் இருப்பாங்க."

தேசம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"ஏன்க்கா, மீனுக்கு நீ பொட்டு வச்சிக்கிறியா இல்லியான்னு தெரியுமா?"

யாரோ சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. "பாடுன்னா ஒரு ஆளோட நின்னுபோறது இல்ல. செத்தவன் வூட்டுக்கும் வரும், நொந்தவன் வூட்டுக்கும் வரும். அவன் வூட்ல யாராச்சும் வந்து கவுத்தத் தொட்டா போதும். யாரும் வரலன்னா மட்டும்தான் அது வுட்டுப் போவும். வுட்டுப் போனா போனதுதான். உன் இஷ்டம்."

அன்று 5.15க்குப் பொன்னேரி பஸ். அதில் திரும்பிவிடுவதாகத்தான் வந்திருந்தேன். ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கரை வரை நடந்தேன். பாலத்தில் வண்டிகள் வரிசையாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தன. ஏரியில் வெயில் சாய்ந்து, வலை கட்டப் போகும் படகு ஒன்று தண்ணீரைக் கிழிக்காமல் போனது. கம்பு ஊன்றுகிறவரின் வலது தோள் ஒவ்வொரு ஊன்றலுக்கும் தாழ்ந்து எழுந்தது. ஓகோ, இப்படித்தான் அந்த அரை இஞ்ச் என்று தெரிந்துகொண்டேன்.

பாடு என்ற சொல்லை இத்தனை நாளும் நான் ஒரே அர்த்தத்தில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பாடு, அவர் பாடு, யார் பட்ட பாடு. இந்த ஜனங்கள் அதே சொல்லை முறை என்று சொல்கிறார்கள். எது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டுமே ஒவ்வொரு வீட்டுக்கும் சுற்றி வருகிறது, அது மட்டும் தெரிகிறது. எங்கள் ஊரில் துக்க வீட்டைத் தனியாக விட்டுவிடுவது மரியாதை. இங்கே முறை வந்தால் கூப்பிட்டுவிடுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்வேன். "ஒருநாள் வருவா" என்று ஒருத்தர் இருபத்தோரு வருடம் எனக்காகச் சொல்லி வைத்திருக்கிறார். அந்த வாக்கை விட்டுப் போக விட முடியவில்லை.

5.15 பஸ் நான் இல்லாமல் போனது. தேசம்மா எனக்கு ஒரு பாய் போட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் படகில் ஏறினேன். நான் கண்ணை மூடவில்லை. பெயர் சொல்லித் தொட வேண்டும் என்றார்கள், "தணிகாசலத்துக்கு" என்று சொல்லிக் கயிற்றைத் தொட்டேன். மீன் அதிகம் இல்லை. என் பங்குக்கு எட்டு மடவையும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இறாலும் வந்தது. பொன்னேரியில் 11.20 வண்டி, அரக்கோணம் சேர்ந்தபோது மணி இரண்டரை. எதிர்வீட்டு அம்மாவின் கிண்ணத்தைக் கழுவி, அதில் இறால் போட்டுக் கொடுத்தேன். நாலு மணிக்குக் கடையைத் திறந்து கூட்டினேன்.